மொனேயும் எத்ரத்தாப் படகுகளும்

பிரான்ஸ் தேசத்து லியோன் நகரின் நுண்கலைக் காட்சிச்சாலையில் ஒரு கடற்சித்திரம் உள்ளது. அதன் அகலம் 100 செண்டிமீட்டர். உயரம் 81 செண்டிமீட்டர். 'எத்ரத்தாவில் கொந்தளிக்கும் கடல்' என்பது அதன் பெயர். க்ளோட் மொனே என்னும் ஓவியர் 1883-ஆம் ஆண்டில் அதனைத் தீட்டினார். அதன் அச்சுப்படியை முதன்முறை காணும் மாணவர் பெரும்பாலும் கூறுவது, "இது முடிக்கப்படாத படம் போலும்" என்பதே. அவர் கூறுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அலை என்று நாம் கொள்ளவேண்டுவது வெண்மையும் பசுமையும் சாம்பல் நிறமும் விரவிய வளைகோடுகளாய் உள்ளது. மனிதர் என்று கொள்ளவேண்டுவோர் சிறிய கருந்தீற்றல்கள் இரண்டே. படகுகளின் விளிம்பு தெளிவுறவில்லை. பாறையோ தூரிகை இழுத்த தடங்களின் தொகுதியாய் நிற்கின்றது. பாரிஸ் நகரத்துக் கலையறிஞர் பலரும் ஒரு காலத்தில் இதனையே கூறி நகைத்தனர். ஆதலின் நம் மாணவரை நாம் நோவதற்கில்லை.

இத்தகைய படங்களை விளக்கப் புகுவோர் வழக்கமாக ஓவியமுறையின் வரலாற்றிலிருந்து தொடங்குவர். யான் அவ்வாறு தொடங்க விரும்பவில்லை. அந்தக் கடற்கரை எத்தகையது, அங்கே படகுகள் ஏன் அவ்வாறு கரையிற் கிடக்கின்றன என்னும் இரண்டையும் முதலில் அறிந்துகொண்டால், முடிவுறாதது போலத் தோன்றும் அப்படம் பெரும்பாலும் தானே தன்னை விளக்கிக்கொள்ளும்.

எத்ரத்தா என்பது நார்மண்டிப் பகுதியில் ஆங்கிலக் கால்வாயை நோக்கியிருக்கும் சிற்றூர். லெ ஹாவர் என்னும் பெருந்துறைமுகத்திற்கு வடகிழக்கே, 30 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில் உள்ளது. அப்பகுதியின் கரை முழுவதும் வெண்மையான சுண்ணப்பாறைச் சுவராய், கடலினின்று செங்குத்தாய் எழுந்து நிற்கின்றது. ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகட்கு முன்னர், கடலின் அடியில், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து இறுகியதனால் உண்டானது அப்பாறை. இடையிடையே சக்கிமுக்கிக் கல் வரிவரியாய் ஓடுவதால், தொலைவிலிருந்து நோக்குவார்க்குக் கோடிட்ட துணியை விரித்தாற்போலத் தோன்றும். மழையும் உறைபனியும் மேலிருந்து அரிக்க, கடல் கீழிருந்து அறைய, மெலிந்த இடங்கள் துளைபட்டு வாயில்களாயின. ஊரின் ஒரு புறத்தில் அமோன் என்னும் சிறு வாயில். மறுபுறத்தில் அவால் என்னும் வாயில். அதற்கும் அப்பால் மான்போர்த் என்னும் பெருவாயில். அவால் வாயிலின் அருகே, 'ஊசி' என்று அவ்வூரார் வழங்கும் கூரிய தனிப்பாறை 150 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் நீரினின்று நிமிர்ந்து நிற்கின்றது.

இவற்றிற்கிடையே பிறைபோல வளைந்து கிடக்கும் கரையில் மணல் பெரும்பாலும் இல்லை, எங்கும் கூழாங்கற்கள். பாறை இடிந்து வீழும்போது சுண்ணம் அலையில் கரைந்து போகின்றது; கடினமான சக்கிமுக்கிக் கல் மாத்திரம் எஞ்சி, ஒன்றோடொன்று உருண்டு தேய்ந்து கூழாங்கல்லாகின்றது. ஆகவே அந்தக் கரையானது அந்தப் பாறையின் எச்சமே என்னலாம். கரைந்த சுண்ணத்தின் நுண்பொடி நீரில் மிதப்பதால், புயற்காலங்களில் கரையோரக் கடல் பால் கலந்த பசுமை நிறம் கொள்ளும். மொனேயின் படங்களில் எத்ரத்தாக் கடல் இந்நிறம் பெற்றிருப்பதைக் கண்டு, இஃது ஓவியரின் கற்பனை என எண்ணுவாருண்டு. அது கற்பனையன்று, அவ்விடத்து நீரின் இயல்பே அது.

இனிப் படகுகளைப் பார்ப்போம். எத்ரத்தாவில் துறைமுகம் இல்லை. காற்றினின்று ஒதுங்கிக் கலங்கள் நிற்றற்குரிய கழிமுகமோ, கற்சுவர்த் தடுப்போ அங்கில்லை. எனவே மீன்பிடித்து மீண்ட ஒவ்வொரு படகையும் செங்குத்தான கூழாங்கற் கரையின் மீது இழுத்தேற்றவேண்டும். இதற்கெனக் கரையின் மேற்பகுதியில் உருளைமரங்களை நிலைக்குத்தாய் நாட்டியிருந்தனர். படகிற் கட்டிய கயிற்றை அம்மரத்தில் சுற்றி, அதன் துளைகளில் நீண்ட தடிகளைச் செருகி, செக்குச் சுற்றுவதுபோலப் பலர் சுற்றிவந்து தள்ளுவர். இவ்வேலையில் பெண்டிரும் தோள் கொடுத்தனர். கடல் சீறும் நாட்களில் படகை இறக்குதல் இயலாது. அந்நாட்களில் கலங்கள் வரிசையாய்க் கரையிற் கிடக்கும், வலைகள் காயும், ஊர் காத்திருக்கும்.

கடலுக்குதவாமற் போன முதிய படகையும் அவர்கள் வீணாக்கினாரல்லர். அதனைக் கரையில் நிலையாக நிறுத்தி, கீல் பூசி, மேலே வைக்கோற் கூரை வேய்ந்து, வலையும் கயிறும் பிற கருவிகளும் வைத்துக்கொள்ளும் குடிலாக ஆக்கினர். 'கலோழ்' என்பது அதற்கு அவ்வூர் வழங்கும் பெயர். கீழ்ப்பாதி கலமும் மேற்பாதி குடிசையுமான இவ்விசித்திரக் கட்டடங்கள் மொனேயின் எத்ரத்தாப் படங்கள் பலவற்றில் வருகின்றன. இவை இன்னவென்று அறியாதவர் இவற்றை வைக்கோற்போர் எனவோ, பாறைத்துண்டு எனவோ மயங்குதல் கூடும்.

ஆகவே இக்கரையில் படகு என்பது வெறும் அழகுப்பொருளன்று. அது நாளின் நிலையைக் காட்டும் குறி. பாறை காலையிலும் மாலையிலும், அமைதியிலும் புயலிலும் அங்கேயே நிற்கும். படகோ கடல் இசைந்தால் செல்லும், இசையாவிடின் கிடக்கும். படகுகள் எங்கே உள்ளன என்று பார்த்த அளவிலேயே அன்றைய கடல் இன்னதென்று சொல்லிவிடலாம். மொனே இதனை நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் படங்களே சான்று.

மொனே 1840 நவம்பர் 14-ல் பாரிஸில் பிறந்தவர். ஆயினும் வளர்ந்தது லெ ஹாவரில். எனவே இக்கடல் அவருக்கு இளமை தொட்டுப் பழகியது. யூஜேன் பூதேன் என்னும் கடலோவியரே இளைஞரான இவரை வெளியே அழைத்துச் சென்று, திறந்த வானத்தின்கீழ் இருந்து தீட்டக் கற்பித்தவர். 1872-ல் மொனே லெ ஹாவர்த் துறைமுகத்தில் ஞாயிறு எழுவதைத் தீட்டி, அதற்குத் 'தோற்றப்பதிவு' எனப் பொருள்படும் 'இம்ப்ரெஷன்' என்னும் பெயர் சூட்டினார். 1874-ல் அவரும் அவர்தம் நண்பரும் பாரிஸில் தனியே நடத்திய கண்காட்சியில் அப்படம் வைக்கப்பட்டது. லூயி லெருவா என்னும் பத்திரிகையாளர் அப்பெயரையே பற்றிக்கொண்டு அவர்களை 'இம்ப்ரெஷனிஸ்டுகள்' என எள்ளி எழுத, வசையாய் வந்த பெயர் நிலைத்துவிட்டது. இவ்வரலாறு பலரும் அறிந்ததாதலின் விரிக்க வேண்டுவதில்லை.

எத்ரத்தாவிற்கு மொனே 1868-69 குளிர்காலத்திலேயே வந்து சிலகாலம் தங்கியதுண்டு. பின்னர் 1883 முதல் 1886 வரை ஆண்டுதோறும் வந்தார். 1883-ல் அவர் வந்தது குளிர்காலத்தில். பிப்ரவரியின் பெரும்பகுதியும் அங்கேயே கழிந்தது. கடற்கரையை ஒட்டிய ப்ளாங்கே என்னும் விடுதியில் தங்கினார். சாளரத்தைத் திறந்தால் படகுகளும் கடலும் பாறையும் எதிரே நிற்கும். ஒரு திங்களுக்குள் ஏறக்குறைய 20 படங்களைத் தொடங்கிவிட்டார்.

அவருக்கு முன் அவ்விடத்தைத் தீட்டியவர் பலர். அவருட் பெரியவர் குஸ்தாவ் குர்பே. 1869-ல் அங்கே தங்கிய குர்பே தீட்டிய 'புயலுக்குப் பின் எத்ரத்தாப் பாறை' 1870-ஆம் ஆண்டின் அரசாங்கக் கண்காட்சியில் இடம்பெற்றுப் புகழ்பெற்றது. 1882-ல் குர்பேயின் படங்களைத் தொகுத்துப் பாரிஸில் ஒரு காட்சி நடைபெற்றது. அதற்கடுத்த குளிர்காலத்திலே, குர்பே வென்ற அதே பாறையை மொனே எடுத்துக்கொள்கின்றார். குர்பேக்குப் பின் இதனைத் தொடுதல் பெருந்துணிவே, ஆயினும் வேறுவகையில் செய்ய முயல்வேன் என்று ஆலிஸ் ஓஷதே அம்மையாருக்கு 1883 பிப்ரவரியில் எழுதிய கடிதத்திலும் குறிப்பிட்டார்.

அவ்வேற்றுமை யாது? குர்பேயின் படத்தில் புயல் ஓய்ந்துவிட்டது. கழுவிவிட்டாற் போன்ற தெளிந்த ஒளியில் பாறையின் ஒவ்வொரு பிளவும் கைவைத்துத் தடவலாம் என்னும்படி திண்மையாய் நிற்கின்றது. கரையிலும் படகுகள் உள்ளன. எல்லாம் அமைதியாய், நெடுநேரம் பார்த்திருக்க இடந்தருவனவாய் உள்ளன. குர்பே பாறையைத் தீட்டினார் என்று ஒரே சொல்லிற் கூறிவிடலாம். மொனேயின் லியோன் படத்திலோ புயல் நடந்துகொண்டிருக்கின்றது. அங்கே எதுவும் நெடுநேரம் நிற்பதாயில்லை.

அப்படத்தைச் சற்று நின்று பார்ப்போம். கண் சற்றே உயர்ந்த இடத்திலிருந்து, விடுதிச் சாளரத்திலிருந்து நோக்குவதுபோலக் கரையை நோக்குகின்றது. அண்மையில், படத்தின் கீழ்ப்பகுதியில், கூரை வேய்ந்த படகுக்குடில்களும் இழுத்தேற்றிய கலங்களும் உள்ளன. அவற்றின் நிறம் பழுப்பும் கருமையும் கலந்தது. தூரிகை அங்கே தடித்தும் குறுகியும் நடந்துள்ளது. அதற்கப்பால் கரையில் இருவர் நிற்கின்றனர். கடலை நோக்கியவாறே நிற்கின்றனர். அவர்களுக்கப்பால் அலைகள். வெண்மை, சாம்பல், இளம்பசுமை, ஊதா எனப் பல வண்ணங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டுவரும் வளைகோடுகளாய்ப் படத்தின் நடுப்பகுதி முழுவதையும் நிரப்புகின்றன. அலைகளுக்கப்பால், துளைவாயிலுடன் கூடிய அவால் பாறை. அதன் முகத்தில் சக்கிமுக்கிக்கல் வரிகள் குறுக்காக ஓடுகின்றன. இந்த வரிகள் தாமும் அலைகளின் தடங்களைப்போலவே தீட்டப்பட்டிருத்தலை நோக்குக. பாறையும் அசைகின்றதோ என ஐயுறும் அளவிற்கு மழையும் நுரையும் கலந்த காற்று இடையே நிறைந்துள்ளது.

இவ்விடத்தில் தூரிகையைப் பற்றிச் சில கூறவேண்டும். பழைய ஓவியர் ஒரு பொருளின் நிழலைக் காட்டக் கருமையையோ கரும்பழுப்பையோ சேர்த்து மெல்ல மெல்ல மங்கச் செய்வர். தூரிகைத் தடம் தெரியாமல் வழவழப்பாக்குவர். மொனேயும் அவர் நண்பரும் நிழலிலும் நிறம் உண்டு என்று கண்டனர். வெண்பாறையின் நிழற்பக்கம் வானத்தின் ஒளியைப் பெறுவதால் நீலமும் ஊதாவுமாய்த் தோன்றுமேயன்றிக் கருமையாய்த் தோன்றாது. ஒரு நிறத்தின் அருகே அதற்கு மாறான நிறத்தை வைத்தால் இரண்டும் மிக்கு ஒளிரும் என்பதை ஷெவ்ரல் என்னும் இரசாயன அறிஞர் 1839-ல் வெளியிட்ட நூலில் விளக்கியிருந்தார். அக்காலத்து இரசாயனசாலைகள் புதிய வண்ணங்களையும் அளித்தன. 1828-ல் கிமே என்பார் செயற்கை முறையில் ஆழ்நீலம் செய்து காட்டினார். 1859-ல் கிக்னே என்பார் மங்காத பச்சை ஒன்றைச் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். 1841-ல் ஜான் ரேண்ட் என்னும் அமெரிக்கர் உலோகக்குழாயில் வண்ணத்தை அடைக்கும் வழியைக் கண்டார். இச்சிறு குழாயின் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. அதற்கு முன்னர் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் நீர்ப்பையில் கட்டிவைத்துத் துளையிட்டுப் பயன்படுத்துவர். துளையிட்டபின் அது விரைவில் கெட்டுவிடும். குழாய் வந்த பின்னரே முழு வண்ணத்தொகுதியையும் பையிலிட்டுக்கொண்டு பாறையுச்சிக்கு ஏறுதல் எளிதாயிற்று.

ஆனால் வண்ணம் எளிதிற் கிடைத்ததனால் மாத்திரம் இப்படம் உண்டாகவில்லை. விரைவாகத் தீட்டவேண்டிய தேவை வேறொன்றிலிருந்து வந்தது. அலை ஒன்று எழுந்து உடையும் நேரம் சில நொடிகளே. மேகம் ஒன்று பாறையைக் கடக்கும் நேரம் சில நிமிடங்களே. கண் ஒரே நோக்கில் பெறுவதைத்தான் தீட்டுவேன் என்று உறுதிகொண்டவர் படகின் ஒவ்வொரு பலகையையும் ஆணியையும் எண்ணிக்கொண்டிருத்தல் இயலாது. காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தக் கரையைப் பார்ப்பவன் காண்பது ஆணியையன்று. ஈரமான கருமையையும் அதற்கப்பால் வெண்மையின் குமுறலையுமே காண்பான். படத்திற்கு மிக அண்மையிற் சென்றால் தீற்றல். பத்தடி பின்வாங்கினால் கடல். அச்சுப்படியைக் கையில் வைத்துப் பார்க்கும் நமக்கு இப்பின்வாங்குதல் வாய்ப்பதில்லை. முடிவுறாத படம் என்னும் எண்ணத்திற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் இலக்கண நூலார் பொருளின் முதலாவன நிலமும் பொழுதும் என்றனர். நிலத்தைத் தனியே கூறியமையாது, பொழுதையும் உடன்வைத்தே முதற்பொருள் ஆக்கினர். தொல்காப்பியம் படித்த மாணவர்க்கு மொனேயின் நோக்கம் அயலாகத் தோன்றவேண்டியதில்லை. இவரும் பொழுதில்லாத நிலத்தைத் தீட்ட மறுத்தவரே. நெய்தலுக்கு இரங்கல் உரிப்பொருள் என்பதையும் ஈண்டு நினைத்துக்கொள்ளலாம். இவ்வொப்புமையை இதற்குமேல் நீட்டுதல் தகாது. நார்மண்டிக்காரர் நம் நூலைக் கேட்டறிந்தவரல்லர்.

பொழுதின்மேல் இவர் கொண்ட பற்று 1885-ல் இன்னும் தெளிவாயிற்று. அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் வந்து டிசம்பர் வரை தங்கினார். முதலில் பாடகர் ஃபோர் என்பாரின் இல்லத்திலும், பின்னர் பழைய விடுதியிலும் இருந்தார். மழை ஓயாத நாட்களில் வெளியே செல்ல இயலாமல் சாளரத்தின் அருகிருந்தே தீட்டினார். சிகாகோ நகரக் கலைக்கூடத்திலுள்ள 'எத்ரத்தாக் கரையில் படகுகள்' என்னும் படம் அவ்வாண்டினது. அதில் பாறைக்குப் பெருமையில்லை, படகுகளுக்கே பெருமை. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எனப் பூசிய கலங்கள் கரையில் சாய்ந்து கிடக்கின்றன. கூரைக்குடில்கள் கருமையாய் அருகில் நிற்கின்றன. அதே கூடத்தில் அதே ஆண்டின் மற்றொரு படம் படகுகள் புறப்படும் காட்சியைக் காட்டுகின்றது. திஜோன் நகரத்துக் காட்சிச்சாலையிலுள்ள படத்தில் பாய்விரித்த படகுகள் அவால் வாயிலின் அருகே வெளிக்கடலை நோக்கிச் செல்கின்றன. இவற்றை ஒருசேர நோக்கினால் ஒரே கரையின் மூன்று நாட்கள் நம்முன் விரிகின்றன: போக இயலாத நாள், புறப்படும் நாள், வெளிக்கடலைக் கண்டுவிட்ட நாள். பின்னாளில் 1890-91-ல் தீட்டிய வைக்கோற்போர் வரிசைக்கும், 1892 முதல் 1894 வரை தீட்டிய ரூவான் தேவாலய வரிசைக்கும் வித்து இங்கேயே ஊன்றப்பட்டது என்பது என் துணிபு.

இதற்குக் கண்ணாற் கண்ட சாட்சி ஒருவர் உண்டு. அவர் சிறுகதை மன்னர் மோப்பசான். எத்ரத்தாவில் வளர்ந்து அங்கேயே வீடும் கட்டிக்கொண்டவர். 1886 செப்டம்பரில் ஒரு பத்திரிகையில், மொனே தீட்டச் செல்வதைத் தாம் பின்தொடர்ந்து கண்டதை எழுதினார். சிறுவர் சிலர் படத்துணிகளைச் சுமந்து பின்னே செல்வர். ஐந்தாறு துணிகள், எல்லாவற்றிலும் இடம் ஒன்றே, பொழுது மாத்திரம் வேறு. வானம் மாறுந்தோறும் ஓவியர் ஒன்றை வைத்து மற்றொன்றை எடுப்பாராம். வேட்டைக்காரன் பதுங்கியிருப்பதுபோல அவர் ஒளிக்காகவும் நிழலுக்காகவும் காத்திருந்தார் என்று தோன்றுகின்றது.

காத்திருத்தலில் இடரும் இருந்தது. அக்கடலின் பெருக்கும் வற்றமும் பேரளவின. பெருக்கு மிகும் நாட்களில் நீர்மட்டம் 25 அடி அளவும் ஏறி இறங்கும். மான்போர்த் வாயிலின் அடிக்குக் கடல் வற்றிய நேரத்தில்தான் செல்லலாம். 1885 நவம்பர் 27-ல் மொனே அங்கே பாறையின் ஒதுக்கில் அமர்ந்து தீட்டிக்கொண்டிருந்தார். கடல் வற்றுகின்றது என்று அவர் எண்ணியிருந்தார். உண்மையில் அது பெருகிக்கொண்டிருந்தது. வேலையில் மூழ்கியிருந்தவர் காணாத பேரலை ஒன்று அவரைப் பாறைமேல் மோதி, தன்னுடன் இழுத்துச் சென்றது. உயிர் போயிற்றென்றே நினைத்தாராம். கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து கரையேறினார். முக்காலி போயிற்று, பை போயிற்று, தீட்டிய துணி சிதைந்தது, வண்ணப்பலகை முகத்தில் அறைந்ததனால் தாடியெல்லாம் நீலமும் மஞ்சளும் அப்பியிருந்தன. இதனை அவரே அன்றைக் கடிதத்தில் எழுதுகின்றார். உயிர் தப்பியதைச் சொன்ன கையோடு, படம் போயிற்றே என்று வருந்தவும் செய்கின்றார். பின்னரும் அவர் அவ்விடத்திற்குச் சென்றார். 1886 என ஆண்டு குறிக்கப்பெற்ற மான்போர்த் படம் ஒன்று இன்று நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிட்டன் காட்சிச்சாலையில் உள்ளது.

எனினும் மொனேயைப் பற்றி வழங்கும் ஒரு கதையை இங்கே திருத்தவேண்டும். படம் முழுவதையும் அவர் வெளியிலேயே, அந்தப் பொழுதிலேயே தீட்டி முடித்தார் என்பர். அஃது உண்மையன்று. தொடங்கிய துணிகளில் பலவற்றைச் சுருளாகவும் கட்டாகவும் வீட்டிற்குக் கொண்டுசென்று, திங்கட்கணக்கில் வைத்துத் திருத்தி, சிலவற்றில் மேலும் மேலும் வண்ணம் ஏற்றினார். 1883 ஏப்ரலில் குடியேறிய ஜிவெர்னி என்னும் ஊரில் நார்மண்டிக் கடலின் அலைகள் பல இறுதி வடிவம் பெற்றன. அங்கே கடல் இல்லை. அங்ஙனமாயின் ஒரு நொடியின் உண்மை என்று நாம் போற்றியது என்னாயிற்று என்று கேட்கலாம். என் மட்டில், இதனால் படம் பொய்யாகிவிடவில்லை. நொடியில் கண்டதை நொடியில் எழுதுதல் எக்கவிஞர்க்கும் இயலாதவாறே ஓவியர்க்கும் இயலாது. ஆனால் மேகம் மாறியதும் துணியை மாற்றியவர், நினைவைக்கொண்டு திருத்தும்போதும் அந்தப் பொழுதுக்கே கட்டுப்பட்டிருந்தார். குறிப்பிட்ட ஒரு நாளின் கடலே இறுதிவரை அவர்க்கு அளவுகோலாயிருந்தது.

இதனினும் கடுமையான குற்றச்சாட்டு ஒன்றுண்டு. அதற்கு விடைகூறுதல் எளிதன்று. கடல் சீறும் நாளில் மீனவர்க்குக் கூலியில்லை. அந்நாளையே விடுதிச் சாளரத்திலிருந்து ஒருவர் அழகெனத் தீட்டுகின்றார். மனிதர் இருவரும் முகமற்ற தீற்றல்களாகின்றனர். இது தகுமோ? அன்றியும் அவ்வூர் அந்நாளில் மீனவர் ஊராக மாத்திரம் இருக்கவில்லை. செல்வர் வந்து கடலாடும் இடமாய், விடுதிகளும் மாளிகைகளும் சூதாட்டக் கூடமும் உடையதாய் வளர்ந்துவிட்டது. இசைப்புலவர் ஆஃபன்பாக் போன்றோர்க்கும் அங்கே மாளிகை இருந்தது. ராபர்ட் ஹெர்பர்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1994-ல் வெளியிட்ட நூலில், மொனே இவற்றையெல்லாம் படத்தினின்று நீக்கிவிட்டு, மக்கள் நடமாட்டம் குன்றிய பழங்கரை ஒன்றை நகரத்துச் செல்வர்க்குக் காட்டினார் என்று விரிவாக ஆராய்ந்துள்ளார். அவர் கூறுவது பெரும்பாலும் சரியே. மொனேயின் படங்களில் குடைபிடித்த சீமாட்டி ஒருத்தியைத் தேடினாலும் இவ்வாண்டுகளின் எத்ரத்தாக் கரையிற் காணுதல் அரிது. குளிர்காலத்தில் வந்தது ஓரளவிற்குக் காரணம். வேண்டுமென்றே விலக்கியதும் காரணம்.

மீனவரின் துன்பத்தைக் கூறுவது மொனேயின் எண்ணம் என்று நான் வாதாடமாட்டேன். அவர் கடிதங்களில் அவ்வெண்ணம் மேலோங்கி நிற்கவில்லை. காற்றையும் மழையையும் மாறும் ஒளியையும் பற்றியே மிகுதியாக முறையிடுகின்றார். ஆயினும் லியோன் படத்தை மீண்டும் நோக்குக. குடிலும் கலமும் அண்மையில் உள்ளன; அழகிய பாறை தொலைவில் உள்ளது. சுற்றுலாப் படம் விற்பவன் இவ்வாறு அமைக்கமாட்டான், பாறையை முன்னிறுத்தியிருப்பான். உழைப்பின் கருவிகளைக் கடந்தே நம் கண் கடலுக்குச் செல்லும்படி அமைத்துள்ளார். இருவர் நிற்குமிடத்தையும் நோக்குக. அவர்கள் நம்மைப் பார்த்து நிற்கவில்லை. நமக்கு இரங்கத்தக்க முகத்தைக் காட்டவும் இல்லை. நாம் நோக்கும் திசையிலேயே அவர்களும் நோக்குகின்றனர். அவர்களின் கண்ணில் அந்த அலை எப்பொருள் தருமோ, அப்பொருளின்றி அதனை நாம் காண இயலாதவாறு அவர்களுக்குப் பின்னே நம்மை நிறுத்திவிட்டார். படகு இன்று இறங்குமா என்பதே அவர்கள் கேள்வி. அலையின் வண்ணங்களை எண்ணத் தொடங்கிய நாமும் சற்று நேரத்தில் அதே கேள்விக்கு வந்துவிடுகின்றோம். முகம் தீட்டிய வேறு பல மீனவர் படங்களைக் கண்டிருக்கின்றேன்; அவற்றில் மீனவனைப் பார்த்தோமேயன்றி அவன் பார்த்ததைப் பார்த்ததில்லை.

இப்படத்தில் விடை இல்லை. மறுநாள் காற்று அடங்கியதோ, படகுகள் இறங்கினவோ, இதிலிருந்து அறிய வழியில்லை. முடிவுறாத படம் என்று மாணவர் கூறுவதில் இவ்வளவு உண்மை உண்டு.

மொனே 1926 டிசம்பர் 5-ல் ஜிவெர்னியில் காலமானார். எத்ரத்தாவின் பாறையை மழையும் கடலும் இன்றும் அரித்துக்கொண்டே வருகின்றன. அவர் கண்ட படகுக்கூட்டம் இப்போது அந்தக் கரையில் இல்லை. ஊர் பெரும்பாலும் காண வருவோரைக்கொண்டே வாழ்கின்றது. கூரை வேய்ந்த படகுக்குடில்கள் சிலவற்றை மாத்திரம், பழைய வாழ்க்கையின் அடையாளமாக, கூழாங்கற்களின் மேற்புறத்தில் நிறுத்தி வைத்திருக்கின்றனர்.